'முடியல'ன்னு சொல்றது யாரு?



செமஸ்டர் எக்ஸாம் ஹாலை ஒரு நிமிஷம் மனசுக்குள்ள கொண்டு வாங்க. மூணு மணி நேரப் பேப்பர். ரெண்டு மணி நேரம் ஓடிப் போச்சு. முதல் பக்கத்துல முத்து முத்தா இருந்த கையெழுத்து இப்போ கோழி கிளறின குப்பை மாதிரி ஆகியிருக்கும். கட்டைவிரலுக்குக் கீழே கடுக்கும். நடுநடுவுல பேனாவை வெச்சிட்டு கையை உதறிக்குவீங்க. காலையில ஒன்பதே முக்காலுக்குப் பாக்கெட்டுல செருகினப்போ இறகு மாதிரி இருந்த அதே பேனாதான். இப்போ கடப்பாரையைப் பிடிச்சிருக்கிற மாதிரி இருக்கும்!

'இதுல என்ன பாஸ் இருக்கு? தசை டயர்டு ஆயிடுச்சு, அவ்வளவுதானே?'ன்னு கேக்கறீங்களா? அங்கதான் மேட்டரே இருக்கு. டயர்டு ஆனது தசை மட்டும் இல்லை. மூளையில இருந்து தண்டுவடம் வழியா விரல் வரைக்கும் வர்ற சிக்னலே மாறிப் போயிருக்கு. அந்த மாற்றத்தை நூறு வருஷத்துக்கு மேல விஞ்ஞானிகள் துரத்திக்கிட்டு இருக்காங்க. அந்தக் கதைதான் இந்த வாரம்.

சத்தம் ஒண்ணுதான், வேகம்தான் வேற!

முதல்ல வயரிங். 'மடக்கு'ன்னு மூளை உத்தரவு போட்டா அது தண்டுவடத்துக்கு வரும். அங்கே மோட்டார் நியூரான்னு ஒரு நரம்பு செல் இருக்கு. அதோட நீளமான வால் தசை வரைக்கும் போய், பல கிளையாப் பிரிஞ்சு, ஒவ்வொரு கிளையும் ஒரு தசை நாரைத் தொடும். ஒரு நியூரான், அது ஆள்கிற நார்கள் எல்லாம் சேர்ந்து ஒரு டீம். இதுக்குப் பேர் மோட்டார் யூனிட். கண்ணை அசைக்கிற தசையில ஒரு டீமுக்கு ஏறக்குறைய பத்து நார்தான். கெண்டைக்கால் தசையில ஒரே டீமுக்கு ஆயிரத்துக்கும் மேல!

நரம்புல ஓடறது மின் துடிப்பு. கை நரம்புல அதோட வேகம் விநாடிக்கு 50, 60 மீட்டர். தசையைத் தொடுற இடத்துல அசிட்டைல்கோலின்னு ஒரு ரசாயனத்தைக் கொட்டும். அது தசை நார்ல புது மின் துடிப்பைக் கிளப்பும். அதைப் பார்த்து நாருக்குள்ள கால்சியம் வெளியே வரும். தசை சுருங்கும். இவ்வளவும் நீங்க கண் சிமிட்டுறதுக்குள்ள!

இதுல ஒரு ஆச்சரியம் கவனிச்சீங்களா? ஒரு நரம்புல வர்ற துடிப்பு எல்லாம் ஒரே சைஸ். மெதுவாப் பிடிச்சாலும் சரி, முறுக்கிப் பிடிச்சாலும் சரி, துடிப்பு பெரிசாகாது. அப்போ பலம் எப்படிக் கூடுது? ரெண்டே வழி. ஒண்ணு, இன்னும் நிறைய டீமைக் களத்துல இறக்கறது. ரெண்டு, துடிப்பை அடிக்கடி அனுப்பறது. இதை 1929-ல் காட்டியவர்கள் கேம்பிரிட்ஜில் வேலை பார்த்த எட்கர் ஏட்ரியனும் டெட்லெவ் பிராங்க்கும். ஊசிக்குள்ள மெல்லிசா ஒரு கம்பியை வெச்சு அதைத் தசையில குத்தி, லவுட் ஸ்பீக்கர்ல இணைச்சுக் கேட்டாங்க. பலம் கூடக் கூட 'டக்... டக்...' என்ற சத்தம் 'டகடகடக' ஆச்சு. ஈ.சி.இ. மக்களே, உங்க சிலபஸ்ல வர்ற ஃப்ரீக்வென்சி மாடுலேஷனுக்கு இது அண்ணன் முறை!

பேனா ஏன் கனக்குது?

இப்போ எக்ஸாம் ஹாலுக்குத் திரும்புவோம். பேனா பிடிக்க முழு பலமும் வேண்டாம். கொஞ்சம் போதும். அதனால ஆரம்பத்துல சின்ன டீம்கள் மட்டும் வேலை செய்யும். தேவை கூடினா பெரிய டீம் ஒவ்வொண்ணா வரும். சின்னது முதல்ல, பெரிசு பின்னால. இந்த வரிசையைக் கண்டுபிடிச்சவர் அமெரிக்காவின் எல்வுட் ஹென்னமன்.

நேரம் ஆக ஆக முதல்ல இறங்கின டீம்கள் தளரும். அதே பிடியைத் தக்க வைக்கணும்னா மூளை என்ன செய்யும்? 'பத்தலை, இன்னும் ஆள் அனுப்பு'ன்னு உத்தரவைக் கூட்டும். பெரிய டீம்களும் களத்துக்கு வரும். அவை முரட்டு ஆட்கள். பலம் அதிகம், நுணுக்கம் கம்மி. அதான் கை நடுங்குது, எழுத்து கோணுது, பேனாவைத் தேவைக்கு மேல இறுக்கிப் பிடிக்கிறோம். தோல் மேல எலெக்ட்ரோடு ஒட்டித் தசையோட மின்சாரத்தை அளந்தா (ஈ.எம்.ஜி.ன்னு சொல்வாங்க), வெளியே வர்ற பலம் அதேதான், ஆனா சிக்னல் மட்டும் பெரிசாகிக்கிட்டே போறது தெரியும்.

அந்த 'கனம்' எங்கே இருந்து வருது? 1974-ல் ஆஸ்திரேலியாவின் மெக்ளோஸ்கியும் நண்பர்களும் ஒரு சோதனை செஞ்சாங்க. ஒரு கையைக் களைப்பாக்கிட்டு, ரெண்டு கையிலும் எடையைக் கொடுத்து ஒப்பிடச் சொன்னாங்க. களைச்ச கையில இருக்கிற எடை அதிகமாத் தெரிஞ்சது! அதாவது கனத்தை நாம கணக்குப் போடுறது பொருளோட எடையை மட்டும் வெச்சு இல்லை. மூளை எவ்வளவு உத்தரவு போடுதுன்றதை வெச்சும்தான். ஹாஸ்டல்ல தண்ணி வராத நாளில் பக்கெட்டைத் தூக்கிக்கிட்டு மூணாவது மாடி ஏறியிருக்கீங்களா? பாதித் தண்ணி படியிலேயே சிந்தியிருக்கும். ஆனா பக்கெட் மட்டும் கீழே இருந்ததை விட கனமா இருக்கும். இதான் காரணம்!

இன்னொரு குட்டிச் செய்தி, குறிப்பா மேத்ஸ்-3 பேப்பரை சபிச்சுக்கிட்டு இருக்கிறவங்களுக்கு. தசை களைக்கும்போது நார் மேல மின் துடிப்பு ஓடுற வேகமும் குறையும். நல்லா இருக்கும்போது அது விநாடிக்கு 4 மீட்டர் வாக்கில் இருக்கும். வேகம் குறைஞ்சா அலை அகலமாகும். ஈ.எம்.ஜி.யை ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம் போட்டுப் பார்த்தா மொத்த ஸ்பெக்ட்ரமும் இடது பக்கம், அதாவது குறைஞ்ச ஹெர்ட்ஸ் பக்கம், நகரும். களைப்புல அலை மெதுவாகிறதை 1912-லயே ஹான்ஸ் பைப்பர் என்ற ஜெர்மானியர் கவனிச்சுட்டார். விளையாட்டு, பிசியோதெரபி ஆராய்ச்சிகளில் இன்னைக்கும் களைப்பை அளக்க இந்த நகர்வைப் பயன்படுத்துறாங்க. 'ஃபூரியர் எதுக்குடா படிக்கணும்?'ன்னு இனிமே யாராவது கேட்டா அவங்க முழங்கையை மடக்கச் சொல்லுங்க!

குற்றவாளி யார்?

பேனா சரி. முழு மூச்சாப் பிடிச்சா? கயிறு இழுக்கும் போட்டி மாதிரி. இங்கதான் கதை துப்பறியும் நாவல் ஆகுது.

1954-ல் லண்டனில் மெர்ட்டன் என்ற டாக்டர், கட்டைவிரலை உள்ளே இழுக்கும் தசையை ஆராய்ந்தார். முழு பலத்தோட இழுத்துக்கிட்டே இருக்கும்போது பலம் சரியும் இல்லையா? அந்த நேரத்துல வெளியே இருந்து நரம்புக்கு ஷாக் கொடுத்தார். மூளைதான் சோம்பிப் போய் சிக்னலைக் குறைச்சிருந்தா, ஷாக் கொடுத்ததும் பலம் எகிறணும். எகிறவில்லை. அதனால அவர் தீர்ப்பு: மூளை நிரபராதி, தசைதான் குற்றவாளி.

கேஸ் அத்தோட முடியலை. 1983-ல் பிரெண்டா பிக்லண்ட் ரிச்சியும் குழுவும் முழு பலத்தோட இழுக்கும்போது ஒவ்வொரு மோட்டார் யூனிட்டும் எத்தனை முறை துடிக்குதுன்னு எண்ணினாங்க. ஆரம்பத்துல விநாடிக்கு ஏறக்குறைய 30. ஒரு நிமிஷத்துக்குள்ள அது ஏறக்குறைய பாதி! ஆள் முழு மனசோட இழுத்துக்கிட்டுதான் இருக்கார். ஆனா தண்டுவடத்துல இருந்து வர்ற துடிப்பு குறைஞ்சுக்கிட்டே வருது.

சிக்னல் பாதியானா பலமும் அதனாலதான் போகுதா? அதுவும் முழுசா சரியில்லை. களைச்ச தசை சுருங்கினா, திரும்பத் தளர அதிக நேரம் எடுக்கும். மே மாச வெயில்ல வாசல் தெளிச்சா உடனே காஞ்சிடும், திரும்பத் திரும்பத் தெளிக்கணும். மார்கழியில ஒரு தடவை தெளிச்சாலே ஈரம் நிக்கும். அது மாதிரி, மெதுவாத் தளர்ற தசைக்குக் குறைஞ்ச துடிப்பே போதும். அதை மீறி வெளியே இருந்து வேகமா ஷாக் கொடுத்துக்கிட்டே இருந்தா, துடிப்பே தசை நாருக்குள்ள சரியா பரவாம பலம் இன்னும் சீக்கிரம் சரியுது. அதனால இந்தக் குறைப்புக்கு 'தசையின் ஞானம்'னு பேர் வெச்சாங்க. 'அது என்ன பெரிய ஞானம், எல்லா நேரமும் அது லாபமா இல்லையே'ன்னு பின்னாடி வந்தவங்க சண்டையும் போட்டாங்க. விஞ்ஞானத்துல இதெல்லாம் சகஜமப்பா!

சரி, குறைக்கச் சொல்றது யாரு? 1986-ல் அதே பிக்லண்ட் ரிச்சி குழு ஒரு சூப்பர் டெக்னிக் செஞ்சது. களைப்பு வந்ததும் பி.பி. பார்க்கிற மாதிரிப் பட்டையைக் கட்டி ரத்த ஓட்டத்தை நிறுத்தினாங்க. தசைக்கு மூணு நிமிஷம் ஓய்வு. ஆனா துடிப்பு பழைய வேகத்துக்கு வரவே இல்லை. பட்டையை அவிழ்த்து ரத்தம் ஓட விட்டதும், மூணு நிமிஷத்துல துடிப்பு மீண்டது! அர்த்தம் புரியுதா? தசைக்குள்ள தேங்கிக் கிடக்கிற கழிவுகளை மோப்பம் பிடிக்கிற சின்னச் சின்ன நரம்புகள் இருக்கு. அவை 'இங்கே நிலைமை சரியில்லை'ன்னு மேலே தந்தி அடிக்குது. அதைக் கேட்டுத்தான் சிக்னல் குறையுதுன்னு அவங்க முடிவுக்கு வந்தாங்க. ஆக, நரம்பு ஒரு வழிப் பாதை இல்லை. உத்தரவு கீழே போகுது, புகார் மேலே வருது.

பின்னால துப்பாக்கி வெடிச்சா..?

மூளை முழு நிரபராதியும் இல்லை. 1961-ல் அமெரிக்காவில் இகாய், ஸ்டெய்ன்ஹவுஸ் என்ற ரெண்டு பேர், ஆட்களைக் கையால் முழு பலத்தோட இழுக்கச் சொன்னாங்க. திடீர்னு பின்னால துப்பாக்கியை வெடிச்சாங்க! பலம் கூடுச்சு. வாய்விட்டுக் கத்திக்கிட்டே இழுக்கச் சொன்னாங்க. பலம் சுமார் 12 சதவீதம் கூடுச்சு. அப்போ முதல்ல போட்டது 'முழு' பலமே இல்லை!

1996-ல் சிட்னியில் சைமன் காண்டீவியாவின் குழு இன்னும் நேரா மூளைக்கே போனாங்க. முழங்கையை முழு பலத்தோட மடக்கிக்கிட்டே இருக்கும்போது, தலைக்கு மேல காந்தச் சுருளை வெச்சு மூளையின் இயக்கப் பகுதியைத் தூண்டினாங்க. ஆரம்பத்துல அதனால பெரிசா எதுவும் கூடவில்லை. களைப்பு ஏற ஏற, காந்தம் தட்டும்போதெல்லாம் கூடுதல் பலம் எட்டிப் பார்த்துச்சு. அதாவது மூளைகிட்ட மிச்சம் இருக்கு, ஆனா அதை எடுத்துக் கொடுக்க முடியலை.

அதனால கிரவுண்டுல பி.டி. மாஸ்டர் 'மனசு வெச்சா முடியும்டா!'ன்னு கத்துறாரே, அவர் சொல்றதுல பாதி உண்மை. 'சத்தியமா முடியல சார்'ன்னு நீங்க சொல்றதுலயும் பாதி உண்மை. ரெண்டு பேரும் கைகுலுக்கிக்கலாம்!

வயரை கட் பண்ணினா..?

சரி, அந்தப் புகார் வயரையே கட் பண்ணிட்டா சாம்பியன் ஆயிடலாமே? அதையும் செஞ்சு பார்த்தாச்சு. 2009-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் மார்கஸ் அமான் குழு, பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்களோட கீழ் முதுகுத் தண்டுல ஃபென்டனில் மருந்தைச் செலுத்தினாங்க. காலில் இருந்து மேலே வர்ற புகார்கள் அமுங்கிப் போச்சு. உத்தரவு கீழே போறது மட்டும் பத்திரமா இருந்துச்சு. அப்புறம் 5 கிலோமீட்டர் ரேஸ்.

ஆரம்பத்துல பறந்தாங்க. பாதிக்கு மேல வேகம் சரிஞ்சுடுச்சு. கடைசியில மொத்த நேரத்துல எந்த லாபமும் இல்லை. ஆனா தொடைத் தசை வழக்கத்தை விட ரொம்ப மோசமாக் களைச்சுப் போச்சு. இறங்கி நடக்கவே தடுமாறினாங்க. புகார் பெட்டியை உடைச்சா பிரச்னை தீராது, புகார் வராது, அவ்வளவுதான்!

இதை ஏன் இவ்வளவு நீளமா சொல்றேன்னா, இன்டர் காலேஜ் மேட்சுக்கு முன்னாடி வலி மாத்திரையைப் போட்டுக்கிட்டு இறங்குற பழக்கம் நம்ம பசங்ககிட்ட இருக்கு. அந்த ஃபென்டனிலும் மெடிக்கல் ஷாப் மாத்திரையும் ஒண்ணு இல்லை. ஆனா 'வலி தெரியாட்டா நல்லா ஆடலாம்'ங்கிற யோசனை ரெண்டிலும் ஒண்ணுதான். வலி உங்க எதிரி டீம் இல்லை பாஸ். அது உங்க சொந்த டீமோட ஸ்கோர் போர்டு.

வைவா எடுத்தவருக்கே கை விட்டுப் போச்சு!

இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் தாத்தா ஒருத்தர் இருக்கார். இத்தாலியின் டூரின் நகரில் இருந்த ஆஞ்செலோ மோஸோ. நடுவிரலால் ஒரு எடையைத் திரும்பத் திரும்ப இழுக்க வெச்சு, களைப்பைக் கோடாகப் பதிவு செய்யும் எர்கோகிராஃப் என்ற கருவியைக் கண்டுபிடித்தார். 1891-ல் களைப்பைப் பத்தியே ஒரு புத்தகம் எழுதினார். அவர் கவனிச்ச ஒரு விஷயம் நமக்கு ரொம்ப முக்கியம். மாணவர்களுக்கு வாய்மொழித் தேர்வு நடத்திட்டு வந்த பேராசிரியரோட விரல், வழக்கத்தை விட சீக்கிரம் களைச்சுப் போச்சு! வைவாவுல நம்ம கை மட்டும்தான் நடுங்கும்னு நினைச்சுக்கிட்டு இருந்தோமே!

2009-ல் வேல்ஸ் நாட்டின் பேங்கர் பல்கலைக்கழகத்தில் சாமுவேலே மார்கோரா குழு இதை நவீன முறையில பார்த்தது. 16 பேர். ஒரு நாள் 90 நிமிஷம் மூளையைக் கசக்கும் கம்ப்யூட்டர் வேலை, இன்னொரு நாள் 90 நிமிஷம் சும்மா ஒரு படம். ரெண்டு நாளும் அப்புறம் முடியாத வரைக்கும் சைக்கிள் மிதிக்கணும். படம் பார்த்த நாள் சராசரி 754 விநாடி. மூளை கசங்கின நாள் 640 விநாடி. இதயத் துடிப்பு மாதிரி உடம்போட கணக்கெல்லாம் பெரிசா மாறவே இல்லை. ஆனா 'கஷ்டமா இருக்கு'ங்கிற உணர்வு மட்டும் ஆரம்பத்துல இருந்தே அதிகம். ராத்திரி முழுக்க முட்டி மோதிப் படிச்சுட்டு காலையில போய் 40 பக்கம் எழுதும்போது கை ஏன் சீக்கிரம் கெஞ்சுதுன்னு இப்போ ஒரு துப்பு கிடைச்சிருக்கா?

சரி, நாம என்ன பண்ணலாம்?

- பேனாவை இறுக்காதீங்க. தசை அழுத்திச் சுருங்கும்போது தனக்கு வர்ற ரத்தத்தைத் தானே நெருக்கும். பட்டை கட்டின சோதனை ஞாபகம் இருக்குல்ல?

- கை கடுத்த பிறகு உதறாதீங்க, கடுக்கறதுக்கு முன்னாடியே விடுங்க. ஒவ்வொரு பெரிய கேள்வி முடிஞ்சதும் பேனாவைக் கீழே வெச்சு விரலை விரிச்சு விட்டு, அடுத்த கேள்வியைப் படிங்க. நேரமும் வீணாகாது, ரத்தமும் ஓடும்.

- எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி தூங்குங்க. அம்மா சொல்றதையேதான் நானும் சொல்றேன். நான் கூடவே கிராஃப் காட்டுறேன்!

- கிரவுண்டுல பிசாசு மாதிரி ஓடிட்டு 'லாக்டிக் ஆசிட்தான் எல்லாத்துக்கும் காரணம்'னு அடிச்சு விடாதீங்க. ரெண்டு நாள் கழிச்சு வர்ற வலிக்கு அது காரணமே இல்லை. ஓடி முடிச்சு ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல அது கரைஞ்சுடும்.

ஒரு சீரியஸ் விஷயம்

இதுவரைக்கும் சொன்ன களைப்பு எல்லாம் ஓய்வு எடுத்தா போயிடும். ஆனா சிலருக்கு நரம்பு தசையைத் தொடுற இடத்துலயே கோளாறு வரும். மயஸ்தீனியா கிராவிஸ்னு பேர். உடம்போட எதிர்ப்பு சக்தியே அசிட்டைல்கோலினை வாங்குற இடங்களைத் தாக்கிடும். மூளை சரி, நரம்பு சரி, தசையும் சரி, நடுவுல கை மாத்துற இடம்தான் அவுட்! காலையில ஓரளவு இருப்பாங்க. சாயங்காலம் ஆனா கண் இமை தொங்கும், ஒண்ணு ரெண்டாத் தெரியும், பேச்சு குழறும், சாப்பாடு மெல்லவே கஷ்டப்படும். இது இளம் பெண்களுக்கும் வரக்கூடியது. லண்டனில் மேரி வாக்கர் என்ற டாக்டர் 1934-லேயே இதுக்கு ஒரு மருந்து வேலை செய்றதைக் காட்டினார். இன்னைக்கு நல்ல சிகிச்சைகள் இருக்கு.

உங்க பெஞ்சுல கடைசி பீரியட்ல எப்பவும் கண்ணு சொருகி உக்காந்திருக்கிற ஒருத்தரை 'தூங்குமூஞ்சி'ன்னு பேர் வெச்சுக் கூப்பிடுறோம். முக்கால்வாசி நேரம் அது ராத்திரி ஒரு மணி வரைக்கும் போன் பேசினதாத்தான் இருக்கும். ஆனா இமை நிஜமாவே தொங்குது, தினமும் சாயங்காலம் அதிகமாகுதுன்னா, கிண்டலை நிறுத்திட்டு ஒரு நரம்பியல் டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போங்க. திடீர்னு மூச்சு விடவோ முழுங்கவோ கஷ்டப்பட்டா காத்திருக்கவே வேண்டாம், நேரா ஆஸ்பத்திரிதான்.

சோம்பேறித்தனம்னு நாம முத்திரை குத்துற பல விஷயத்துக்குப் பின்னால ஒரு சிக்னல் குறைஞ்சுக்கிட்டு இருக்கலாம். 'முடியல'ன்னு ஒருத்தர் சொன்னா, எந்த இடத்துல முடியலன்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. அதுக்கு எந்த எலெக்ட்ரோடும் தேவையில்லை.

இதை டைப் அடிச்சு அடிச்சு எனக்கும் விரல் கடுக்குது. தண்டுவடம் தந்தி அடிச்சிருச்சு. அடுத்த வாரம் பார்க்கலாம் மக்களே... வர்ட்டா!